அட்டையில் இரண்டு ஒட்டகங்கள்

"நீங்கள் எந்த ஊர்?" என்று அவரிடம் நான் முதன்முதலாகக் கேட்டது ஜெர்மனியின் ஆஹென் நகரில், எங்கள் வாடகை வீட்டின் மாடிப்படியில். கையில் வெங்காயப் பையோடு நின்ற மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டாம் மாடி" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். எனக்குச் சுள்ளென்று வந்தது. வந்திருக்கக் கூடாதுதான். நான்கு வயதில் ஜெர்மனிக்கு வந்தவள் நான். பேக்கரியில், பேருந்தில், ஏன், பல் வைத்தியரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கிடக்கும்போதுகூட, இதே கேள்வி என்னிடம் கேட்கப்பட்டிருக்கிறது. அதை இன்னொருவரிடம் கேட்கும் உரிமை அதனாலேயே எனக்கு உண்டு என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

அவர் எழுத்தாளர். பிறந்தது ஈராக்கின் பஸ்ராவில். படித்தது இங்கிலாந்தில். கல்யாணம் செய்தது ஒரு ஆஹென்காரியை. கல்யாணம் முறிந்து அந்தப் பெண் பெர்லினுக்குப் போன பிறகும் இவர் ஆஹெனிலேயே இருந்துவிட்டார். ஏனென்று கேட்டால் "பஸ் வசதி நல்லது" என்பார். எழுதியது ஒரே ஒரு நாவல், அதுவும் ஆங்கிலத்தில். நானோ அப்போது பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். 'ஆங்கிலத்தில் எழுதும் அரபு எழுத்தாளர்கள்: அடையாளமும் சொந்தமும்' என்பது என் ஆய்வுத் தலைப்பு. தலைப்பைத் தேர்ந்தெடுத்த மூன்றாம் மாதம் அப்படி ஒருவரை என் தலைக்கு மேலேயே குடிவைத்தது எந்தத் தெய்வம் என்று தெரியவில்லை. அந்தத் தெய்வத்துக்குப் பகிடி விடத் தெரியும் என்பது மட்டும் தெரிந்தது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர் என்னோடு பேசியதெல்லாம் ஆங்கிலம். ஜெர்மன் அவருக்குப் பேக்கரியில் பாண் வாங்கும் அளவுக்குத்தான் வரும். ஆனால் என் நினைவில் அவர் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார். அதற்கு நான் என்ன செய்ய? ஒருவருடைய அடையாளத்தில் இப்படிக் கை வைக்கலாமா என்று என் பேராசிரியர் கேட்டால், அதற்கும் ஒரு கட்டுரை எழுதித் தருகிறேன்.

ஈராக்கில் போர் தொடங்கிய பிறகு வந்த வருடங்கள் அவை. திடீரென்று எல்லோருக்கும் ஒரு அரபு எழுத்தாளர் தேவைப்பட்டார். மாலையில் தொலைக்காட்சியில் குண்டு விழுவதைப் பார்த்தவர்களுக்கு, மறுநாள் கையில் ஒரு கிளாஸ் வைனோடு அந்த மண்ணைச் சேர்ந்த ஒரு முகத்தையும் நேரில் பார்க்கவேண்டும் போலிருந்தது. அவரைக் கூப்பிடாத வாசகர் வட்டமே அந்தப் பக்கத்தில் இல்லை. நாவல் முழுக்க இங்கிலாந்தின் வடக்கே, மழை விடாத ஒரு ஊரின் பஸ் டிப்போவில் நடக்கிறது. ஜெர்மன் மொழிபெயர்ப்பின் அட்டையில் இரண்டு ஒட்டகங்கள், ஒரு ஈச்சமரம், முக்காட்டுக்குள்ளிருந்து பார்க்கும் ஒரு சோடிக் கண்கள்.

"கதையில ஒட்டகம் எங்க வருது?" என்று கேட்டேன்.

"டிப்போவில நிக்குது. நீ வடிவா வாசிக்கேல்லை."

எந்தப் பெயரைக் கொடுத்தாலும் அளவு சரியில்லை என்று திருப்பிக் கொடுப்பதுதான் அவர் குணம். கொலோனில் ஒரு அரபு மாணவர் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். "எங்கள் அரபு எழுத்தாளர்" என்று பெருமையாக அறிமுகப்படுத்தினார்கள். இவர் எழுந்து, "நான் அரபியில ஒரு பக்கம்கூட எழுதினதில்லை. நான் ஆங்கில எழுத்தாளன்" என்றார். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "அப்ப ஏன் இஞ்ச வந்தனீர்? எங்களை வெள்ளைக்காரனுக்கு வித்துச் சாப்பிடுறீர்" என்று கத்தினார். கூட்டம் அத்தோடு முடிந்தது. அடுத்த கிழமை என் வகுப்பில் பேராசிரியர் அவரை 'இன்றைய ஆங்கில இலக்கியத்தின் ஒரு குரல்' என்று வரவேற்றார். "ஆங்கிலம் என்ர வாயில மட்டும்தான். நான் அரபு" என்றார் இவர். திரும்பி வரும்போது பேருந்தில் நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"போன கிழமை வேற மாதிரியெல்லோ சொன்னீங்கள்?"

"போன கிழமை கேட்டது வேற ஆக்கள்."

இதை என் ஆய்வில் எந்த அத்தியாயத்தில் போடுவது? கேள்வி நேரங்களில் நான் குறிப்பெடுக்கத் தயாராகக் குந்தியிருப்பேன். எந்த மொழியில் கனவு காண்கிறீர்கள் என்று கேட்பார்கள். "எனக்கு நித்திரை வராது" என்பார். எந்த நாட்டிலும் முழுதாக ஒட்டாமல் 'இரண்டு கதிரைகளுக்கு நடுவில்' உட்கார்ந்திருப்பவர்கள்மேல் ஜெர்மன்காரருக்கு ஒரு தனிப் பாசம். நீங்களும் அப்படித்தானா என்று கண் கலங்கக் கேட்பார்கள். "ரெண்டு கதிரை இருந்தா நான் காலை நீட்டிப் படுப்பன்" என்பார். ஏன் தாய்மொழியில் எழுதவில்லை என்று கேட்டால் மட்டும் மாறாத ஒரே மறுமொழி: "அரபியில எழுதினா அம்மா வாசிச்சுப்போடுவா." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

என்னை அவர் விட்டுவைத்தாரா என்றால் அதுவும் இல்லை. நான் வளர்ந்தது பீலெஃபெல்ட் என்று தெரிந்த நாளிலிருந்து பிடித்துக்கொண்டார். பீலெஃபெல்ட் என்று ஒரு ஊரே கிடையாது என்பது ஜெர்மன்காரரின் பழைய பகிடி. அவருக்குத் தெரிந்த ஒரே ஜெர்மன் பகிடியும் அதுதான். "இல்லாத ஊரில இருந்து வந்தவள் நீ. எனக்கெண்டாலும் குண்டு போட ஒரு ஊர் இருக்குது" என்பார். அதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எனக்குத்தான் சிரிப்பு வராது.

நாவலில் கதைசொல்லியின் தாய் இறந்துவிடுகிறாள். அந்த அத்தியாயத்துக்காகத்தான் அந்தப் புத்தகத்தையே எல்லோரும் கொண்டாடினார்கள். வாசிப்பு முடிந்ததும் வரிசையாக வந்து அவர் கையைப் பிடித்து, "உங்கள் தாயாரின் இழப்பு..." என்று தொடங்குவார்கள். அவர் தலையைக் குனிவார். அவர் சோலி சுரட்டு இல்லாமல் ஏற்றுக்கொண்டது உலகத்தில் இந்த ஒன்றைத்தான். இத்தனை கூர்மையான நாக்குக்குப் பின்னால் இப்படி ஒரு துக்கமா என்று நானும் உருகியிருக்கிறேன்.

என் அம்மா பீலெஃபெல்டிலிருந்து சாப்பாடு கொண்டுவருகிற சாட்டில் அடிக்கடி என்னை வேவு பார்க்க வருவார். ஒருமுறை அவர் வந்திருந்தபோது இவர் உப்புக் கேட்டு இறங்கி வந்தார். ஏற்கெனவே கதை முழுவதையும் நான் அம்மாவுக்குச் சொல்லியிருந்தேன்.

"தம்பி, அம்மா தவறி எவ்வளவு காலம்?" என்றார் அம்மா. நான் ஆங்கிலத்தில் சொன்னேன். இவர் வழக்கம்போலத் தலையைக் குனிந்தார்.

"பாவம். பறுவம் பிடிக்கச் சொல்லிக் குடுக்கக்கூட ஆருமில்லைப் போல."

எங்கள் ஊர்ச் சைவக்காரருக்குத் தகப்பன் போனால் ஆடி அமாவாசை, தாய் போனால் சித்திராப் பறுவம். சித்திரை மாதத்துப் பௌர்ணமியில் தாயில்லாதவர்கள் விரதம் இருப்பார்கள். கோவிலில் சித்திரைக் கஞ்சி காய்ச்சுவார்கள். கஞ்சியை யாரும் குடிக்கலாம். ஆனால் விரதம் தாயை இழந்தவர்களுக்கு மட்டும்தான். தாய் உயிரோடு இருக்கப் பிள்ளை அந்த விரதம் பிடித்தால் தாயின் ஆயுளுக்குக் கூடாது என்பார்கள். அம்மா இதையெல்லாம் விளக்கச் சொன்னார். கடைசி விஷயத்தைத் தவிர மற்றதையெல்லாம் நான் விளக்கினேன். கடைசி விஷயம் அவருக்கு எதற்கு என்று நினைத்தேன்.

அந்தச் சித்திராப் பறுவத்துக்கு அம்மா கூப்பிட்டபோது மறுப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் வந்தார். விடியற்காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஊன்ட்றொப்பில் இருக்கும் எங்கள் அம்மன் கோவிலில் அம்மாவுக்குப் பின்னால் கைகட்டி நின்றார். ஐயர் தாயின் பெயரைக் கேட்டபோது தெளிவாகச் சொன்னார். கஞ்சியை இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தார். பக்கத்தில் இருந்த ஒரு அண்ணை ஜெர்மனில், "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டார்.

"பீலெஃபெல்ட்."

"ஓ, அப்ப எங்கட ஆள்தான்" என்று சொல்லி அந்த அண்ணை ஒரு வடையையும் எடுத்து வைத்தார். அதை இவர் திருப்பிக் கொடுக்கவில்லை. வடையைத்தான் சொல்கிறேன் என்று நீங்கள் நினைத்தாலும் சரி.

அந்த வருடம் இலை உதிரத் தொடங்கிய சமயம், ஒருநாள் மத்தியானம் என் குசினிக்குள் வந்து கதிரையில் தொப்பென்று இருந்தார்.

"அம்மா வாறா."

"எந்த அம்மா?"

"எனக்கு ஒண்டுதான்."

நான் அடுப்பை நிறுத்தினேன். தாயார் ஸ்வீடனில், மால்மோ நகரத்தில், இவருடைய அக்காவோடு சுகமாக இருந்தார். இவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொலைபேசியில் அவரோடு கதைத்துக்கொண்டும் இருந்தார். இப்போது நாவலை அரபியில் கொண்டுவர பெய்ரூட்டில் ஒரு பதிப்பகம் முன்வந்துவிட்டது. மொழிபெயர்ப்பு முடியும் தறுவாயில். புத்தகம் கையில் கிடைத்தால் தாயார் தான் செத்துப்போனதை வாசித்து அறிந்துகொள்வார். அதற்கு முன் தானே வாயால் சொல்லிவிடவேண்டும் என்று இவருக்கு ஒரு தவிப்பு. அந்த நேரம் பார்த்துத் தாயார், மகன் மேடையில் வாசிப்பதை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று பயணச்சீட்டே எடுத்துவிட்டார்.

"அப்ப ஏன் அவவைச் சாக்கொண்டனீங்கள்?"

"கதைக்குத் தேவைப்பட்டுது."

"சனம் துக்கம் விசாரிக்கேக்க வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?"

"அழுதுகொண்டு வருகினம். அவ உயிரோட இருக்கிறா எண்டு சொன்னா ஏமாந்துபோவினமெல்லோ."

"அப்ப அந்தப் பறுவம்?"

"கஞ்சி நல்லா இருந்தது."

சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. அரபியில் எழுதினால் அம்மா வாசித்துவிடுவார் என்று ஊர் ஊராகச் சொன்னது பகிடியே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேடை மேடையாக ஒரே ஒரு உண்மையைச் சொன்னார், அதற்கு மட்டும்தான் நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம்.

என் அம்மாவுக்கு இதைத் தொலைபேசியில் சொன்னேன்.

"அட கோதாரி! உயிரோட இருக்கிற மனிசிக்குப் பறுவம் பிடிச்சவனோ? அதுவும் நான் கூட்டிக்கொண்டு போய்! அந்த மனிசிக்கு ஏதும் ஒண்டெண்டா ஆர் பொறுப்பு?" பிறகு அவரே பரிகாரமும் சொன்னார். "பேர் ஐயருக்குச் சொன்னதுதான். நட்சத்திரத்தைக் கேட்டுச் சொல்லு. அவவின்ர ஆயுளுக்கு ஒரு அர்ச்சனை செய்விக்கவேணும்."

"அவையள் நட்சத்திரம் பாக்கிறேல்லை அம்மா."

"நட்சத்திரம் இல்லாமல் ஆரும் பிறக்கிறதோ?"

தாயார் வெள்ளிக்கிழமை வந்து இறங்கினார். குள்ளமான மனுஷி, சாம்பல் நிற மேற்சட்டை, இராணுவக்காரர் நடை. வந்த கையோடு மகனின் குசினி அலுமாரியைத் திறந்து, பழைய மசாலாப் போத்தல்களையெல்லாம் குப்பையில் போட்டார். அவர் என்னோடு அரபியில் பேசுவார், நான் அவரோடு தமிழில் பேசுவேன், காரியம் நடந்தது. மகன் மட்டும் சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை. நான் இடித்துக் கேட்டபோது, தேத்தண்ணி குடித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். நடந்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை விடிந்துவிட்டது.

வாசிப்பு அன்று காலை பதினொரு மணிக்கு, ஒரு புத்தகக் கடையின் பின்மண்டபத்தில். என் அம்மா முதல் ரயிலில் வந்து சேர்ந்தார். தாயாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விட்டால் அந்த மனுஷி அங்கேயே போய்விடுவார் என்று பயந்ததுபோல இருந்தது. கடைக்காரப் பெண்மணி மேடையேறி, தாயை இழந்த துயரத்தில் பிறந்த நாவல் இது என்று குரல் தழதழக்கச் சொன்னார். இவர் வாசித்தது அந்த அத்தியாயத்தைத்தான். அந்த ஊர் மழை, டிப்போ சீருடையோடு பெட்டியைச் சுமந்து வரும் பஸ் சாரதிகள், இறந்தவளின் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் திணறும் பாதிரியோ மௌலவியோ அல்லாத ஒரு நகரசபை அதிகாரி. வேறு பகுதியை வாசியுங்கள் என்று நான் முதல்நாளே கெஞ்சியிருந்தேன். இதைத்தான் கேட்டு அழைத்திருக்கிறார்கள் என்றார். மண்டபம் மூக்கை உறிஞ்சியது. ஆங்கிலமும் ஜெர்மனும் தெரியாத தாயார் மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் வழக்கமான வரிசை. இவர் வழக்கம்போலத் தலையைக் குனிந்தார். தாயார் எழுந்து போய் மகனுக்குப் பக்கத்தில் நின்றார். கடைக்காரப் பெண்மணி பரவசத்தோடு, இவர் யார் என்று கேட்டார். எழுத்தாளர் தாயாரைப் பார்த்தார். கண்ணீரோடு நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"என்ர பெரியம்மா" என்றார் ஜெர்மனில்.

எனக்கு அவரை அந்த இடத்திலேயே அறையவேண்டும் போலிருந்தது. என் அம்மாவுக்குத் தெரிந்த ஜெர்மனில் அது விளங்கிவிட்டது. "இல்லை! அம்மா! அம்மா!" என்று ஜெர்மனில் தாயாரைக் காட்டிக் கத்தினார். கடைக்காரப் பெண்மணி, "ஓம், ஓம், அவருடைய அம்மா, பாவம்" என்று என் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார். கருணைக்கு அந்த மண்டபத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை.

தாயார் மகனின் சட்டைக் கையைப் பிடித்து, சிறுவர் புத்தகங்கள் இருந்த மூலைக்கு இழுத்துக்கொண்டு போனார். அம்மா பின்னாலேயே போனார். நானும் போனேன். தாயார் என்னவோ சொல்ல, இவர் முகத்தில் இரத்தமே இல்லை.

"என்னவாம்? சொல்லச் சொல்லு" என்று அம்மா என்னை இடித்தார். தாயாரும் எங்கள் பக்கம் கையைக் காட்டி, இவர்களுக்கும் சொல்லு என்பதுபோல மகனை அதட்டினார். இப்படியாகத் தாயார் அரபியில் திட்ட, திட்டு வாங்கியவரே அதை ஆங்கிலமாக்கி எனக்குச் சொல்ல, நான் அதைத் தமிழாக்கி அம்மாவிடம் சொன்னேன்.

"அக்காவின்ர மகள் இங்கிலீசில எல்லாம் வாசிச்சுச் சொல்லிப்போட்டாள். புத்தகம் வந்த வருசமே."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றார் இவர்.

"நீ எனக்குச் சொன்னனியோ? சாக்கொண்டதுக்கு நான் கோவிக்கேல்லை. கதையில ஆரோ சாகத்தானே வேணும். ஆனா என்னை எங்க அடக்கம் செய்தனி எண்டு கேட்டா மட்டும் அவள் வேற கதை கதைக்கிறாள். அதைக் கேக்கத்தான் வந்தனான்."

இவர் அந்த மழை ஊரின் பெயரைச் சொன்னார். தாயார் அவர் சட்டைக் கையை விட்டார்.

"அங்கயோ? நீ படிக்கேக்க உன்னைப் பாக்கவெண்டு எத்தினை தரம் விசாக் கேட்டனான். உயிரோட உள்ள விடேல்லை. செத்தாப் பிறகு எப்பிடி விட்டவங்கள்?"

இதைத் தமிழில் கேட்டதும் அம்மா பக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார். தாயார் சிரிக்கவில்லை.

"அங்க எனக்கு ஆரைத் தெரியும்? அரபியில வாறதில மாத்து. பஸ்ராவில, என்ர அம்மாவுக்குப் பக்கத்தில என்னை வை. நிசத்தில ஸ்வீடன் பனிக்குள்ளதான் போகப்போறன். புத்தகத்திலயாவது ஊருக்குப் போறன்."

நான் இவரைப் பார்த்தேன். எல்லாக் கேள்விக்கும் இரண்டு மறுமொழி வைத்திருக்கிற மனிதர். நாவலில் விசா தேவையில்லை என்றோ, மொழிபெயர்ப்பில் பிணத்தை இடம் மாற்ற ஏலாது என்றோ ஏதோ ஒன்று வரும் என்று காத்திருந்தேன். அவர் கீழே விரித்திருந்த கம்பளத்தைப் பார்த்தபடி அரபியில் மெதுவாக எதையோ சொன்னார். பிறகு எங்களுக்காக அதையே ஆங்கிலத்தில் சொன்னார்.

"அந்த நேரம் நான் அங்கதானே அம்மா இருந்தனான். தனிய. உங்களை எனக்குப் பக்கத்தில கொண்டுவர எனக்கு வேற வழி தெரியேல்லை."

அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். நான் ஆய்வு என்று எழுதி வைத்திருந்த பக்கங்களை நினைத்து வெட்கமாக இருந்தது. அந்த மனிதர்மேல் அன்றைக்கு வந்த பாசம் இன்றுவரை குறையவில்லை.

தாயார் மகனின் சட்டைக் கழுத்துப் பொத்தானைப் பூட்டிவிட்டார். அப்படியே இரண்டு மூன்று சொற்கள் சொன்னார். இவர் திரும்பி, புத்தகத் தட்டைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "என்னவாம்? ஊருக்குக் கொண்டுபோறானாமோ?"

நான் அவரிடம் கேட்டேன். அவர் திரும்பாமலே ஆங்கிலத்தில் சொன்னார். அவர் சொன்னதை நான் அம்மாவிடம் சொன்னேன்.

"இல்லை அம்மா. மாத்த வேண்டாமாம். அங்கயே இருக்கிறாவாம்."